நீ ஒட்டிய புரவி எடுப்பு

அன்றைக்கு டூரிங் கொட்டகையில் கீழக்கரை வகையறா ஆட்கள் எழுந்து நின்று, "எவன்டா இதை ஒட்டுனது?" என்று கேட்டபோது நான் உன் பெயரைச் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் கையில் மைக்கோடு நின்றிருந்தேன்; அதை அணைத்திருக்கவும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொட்டகைக்கு வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் வழியாக ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை, எந்தத் தாயும் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில், திருச்சி பஸ் புறப்படுவதற்குள், உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. அதையும் சொல்லவில்லை. "நேரத்துக்குச் சாப்பிடு, மாமா கடையில இரும்பைத் தூக்குறப்ப இடுப்பைப் பாத்துக்க" என்றேன். நீ தலையை ஆட்டினாய். பஸ் போய்விட்டது. சொல்லாமல் விட்டது இதுதான்: நீ பிலிமை வெட்டி ஒட்டிய படம் நன்றாக இருந்தது, தம்பி. இத்தனை வருஷத்தில் நம் கம்பெனியிலிருந்து வெளியே போன படங்களில் அதைப் போல ஒன்று இருந்ததில்லை.

இனிமேல் பிலிமைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. அதுதான் எனக்குப் பயம். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்லுவேன், பொறுத்துக்கொள். பாதிப் படத்தில் வந்து மணலில் உட்காருகிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்று சொல்லிப் பழகிய வாய் இது. கையும் அப்படித்தான் எழுதுகிறது.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், எனக்குக் கல்யாணம் ஆயிற்று. எனக்குப் பதினாறு வயது. உன் அப்பா அப்போது கீழ ராஜ வீதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். அந்தச் சமயத்தில் புதுக்கோட்டையிலிருந்து நிறைய உத்தியோகஸ்தர்கள் மூட்டை கட்டினார்கள். பீரோ, கட்டில், கிராமபோன் என்று வீதியெல்லாம் சாமான் விலைக்கு நின்றது. அப்படிப் போன ஒருவரிடமிருந்துதான் அந்தச் சினிமாக் கேமரா ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தது. ஸ்டூடியோக்காரருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. "இது ஓடுற போட்டோவாமில்ல. எனக்கு நிக்கிற போட்டோவே போதும்ப்பா" என்று அப்பாவிடம் தள்ளிவிட்டார். அப்பா அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, யாரோ பச்சைக் குழந்தையை இவரிடம் கொடுத்துவிட்டார்கள் என்று நான் பதறிப்போனேன்.

முதல் படம் அன்னவாசல் சந்தை. ஒரு ரீல் முழுக்க ஒருத்தரும் அசையவில்லை. கேமராவைக் கண்டதும் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு, பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். படம் பிடிக்கும்போது அசையக் கூடாது என்பதுதான் அவர்கள் அறிந்தது. தராசைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். அசைந்தது ஒரு ஆடு மட்டும்தான். அடுத்த தடவை அப்பா, "நடங்க, பேசுங்க, யாரும் சும்மா நிக்காதீங்க" என்று கத்தினார். அத்தனை பேரும் போலீஸ் பரேடு மாதிரி கையை வீசிக்கொண்டு சந்தையை அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார்கள். கத்தரிக்காய் வாங்க ஒருத்தரில்லை. அதற்கப்புறம்தான் வெறும் கேமரா யோசனை வந்தது. காலையிலேயே போய்க் கேமராவை நிறுத்தி, உள்ளே பிலிம் போடாமலே சாவி கொடுத்து ஓடவிடுவார். முதலில் விறைத்து நிற்பார்கள், பிறகு சிரிப்பார்கள், பிறகு ஒருத்தன் வந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். மத்தியானத்துக்குள் சலித்துப்போய் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். "இந்த மனுசன் இன்னமும் போகலையா?" என்று யாராவது முணுமுணுத்தால் அப்பாவுக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் பிலிமைப் போடுவார். யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை, செய்ததைத் திரும்பச் செய்யச் சொல்வதில்லை. நம் தொழிலின் பாதி இந்தக் காத்திருப்பு. நீ நடக்கப் பழகும்போதே அப்பா பக்கத்தில் குந்தியிருந்து அதைப் பழகினாய்.

டூரிங் கொட்டகைகளில் பெரிய படத்துக்கு முன்னால் நம் படத்தைப் போட்டார்கள். அந்தந்தச் சுற்றுவட்டாரத்தில் எடுத்ததை அங்கேயே காட்டுவோம். சனங்கள் தங்களையே பார்க்க வந்தார்கள். ஊர்ப்படக் கம்பெனி என்று நமக்குப் பெயரும் அவர்கள் வைத்ததுதான். படம் பேசாது என்பதால் யாராவது பேச வேண்டியிருந்தது. அப்பா முதல் நாள் மைக்கைப் பிடித்து, "இது... சந்தை" என்றார். அப்புறம் படம் முடிகிற வரைக்கும் இருமினார். மறுநாள் நான் பேசினேன். ஆட்கள் முன்னால் நிற்கக் கூச்சப்பட்டுக்கொண்டு திரைத்துணிக்குப் பின்னால் நின்றேன். அதுவே வழக்கமாகிவிட்டது. நம் படங்களையெல்லாம் நான் இடம் வலம் மாறித்தான் பார்த்திருக்கிறேன். எழுதி வைத்துப் பேசியதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டு அதற்குத் தக்கபடி பேசுவேன். ஒரு தடவை நாற்று நடவுப் படம். ஒரு அம்மா, "ஏடி, அது நானா? எம் முதுகு இம்புட்டா கூனிருச்சு?" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "ஒம் முதுகை நாங்க தெனமும்தான் பாக்குறோம். நீ இன்னிக்குத்தான் பாக்குற" என்றாள். கொட்டகையே சிரித்தது, அந்த அம்மா உட்பட. மறுநாளும் அவள் வந்திருந்தாள், கூடவே தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு. நான் நூலகத்திலிருந்து எடுத்துவந்து படித்த கதைகளில் எத்தனையோ பெண்களைச் சந்தித்திருக்கிறேன். தன் முதுகைப் பார்த்துத் தானே சிரித்தவளை அங்கேதான் சந்தித்தேன்.

சொந்தமாகக் கம்பெனி நடத்துவது என்றால் சுதந்திரம் என்று வெளியில் இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். நமக்கு மேலே கொட்டகைக்காரர் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். வாரா வாரம் கூட்டம் குறைந்துவிடும் என்று பயப்படுவார். கிணறு வெட்டுகிற படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரிங்க. ஒண்ணுமே நடக்கலையே. எவனாச்சும் உள்ள விழுற மாதிரி வச்சிருக்கலாம்ல?" என்றார். அப்பா, "விழுந்தா எடுக்குறேன். விழச் சொல்ல மாட்டேன்" என்றார். அதையும் அவர் செய்யமாட்டார் என்று எனக்குத் தெரியும். வெள்ளாற்றில் வண்டி சாய்ந்த அன்றைக்கு, ஓடுகிற கேமராவை மணலில் போட்டுவிட்டு மாட்டை அவிழ்க்க ஓடினவர் அவர். அந்த ரீலில் வெறும் வானம் இருக்கிறது, ஓரத்தில் ஒரு நாணல். மிச்சமிருந்த பிலிமெல்லாம் அந்த வானத்திலேயே ஓடித் தீர்ந்துபோயிற்று. பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஓடாமல் நின்று எடுத்திருந்தால்தான் கேட்டிருப்பேன். உன் தொழிலில் உனக்கும் அப்படி ஒரு நாள் வரும், தம்பி. அன்றைக்கு யோசிக்காதே, ஓடு.

வெட்டி ஒட்டுவது என் வேலை. அடுப்படிக்குப் பக்கத்து அறையில், ஜன்னலுக்கு நேரே மேஜை போட்டு, பிளேடும் பசையுமாக உட்காருவேன். நம்மிடம் இருந்த பிலிமுக்கு நெகட்டிவ் கிடையாது, கழுவினால் எடுத்த பிலிமிலேயே படம் விழுந்துவிடும். ஒரே பிரதிதான், பழுதானால் போனது போனதுதான். அதனால் பயந்து பயந்து வெட்டுவேன். நடந்ததை நடந்தபடி, சோறு, குழம்பு, ரசம், மோர் என்று பந்தி வரிசையில் வைப்பேன். காலையில் நடந்தது முதலில், சாயங்காலம் நடந்தது கடைசியில். அது உண்மை என்று நினைத்திருந்தேன். நீ காலேஜில் பி.யூ.சி. முடித்துவிட்டு வந்து, "நான் ஒரு தடவை ஒட்டிப் பாக்குறேம்மா" என்று கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கலக்கம். ஆனாலும் மேஜையை விட்டு எழுந்துகொண்டேன். நீ என்னைப் போல நேரே வெட்ட ஆரம்பிக்கவில்லை. துண்டுகளைக் கொடியில் துணி மாதிரி தொங்கவிட்டு, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. அது புரவி எடுப்புப் படம்.

அன்னவாசலுக்கு மேற்கே அந்த ஊர். பெயர் இங்கே வேண்டாம். வைகாசியில் அய்யனாருக்கு மண்குதிரைகள் செய்து, தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் நிறுத்துவார்கள். ஊரில் இரண்டு கரை. கரை என்றால் கோயிலில் பங்குள்ள வகையறா, அம்பலம் என்றால் அதன் தலைவர். குதிரை கிளம்புமுன் கீழக்கரை அம்பலத்துக்கு முதல் பரிவட்டம் தலையில் கட்டுவார்கள், அப்புறம் மேலக்கரை அம்பலத்துக்கு. இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை. இதற்குள்ளேதான் அந்த ஊரின் நிலம், தண்ணீர், கொண்டு கொடுத்த சம்பந்தம் எல்லாம் அடங்கியிருக்கிறது. அப்பா எல்லாவற்றையும் எடுத்துவந்தார், ஒருவரையும் தொந்தரவு செய்யாமல். நீ ஒட்டியதில் முதலில் மேலக்கரை அம்பலம் வந்தார். கலகலப்பான மனிதர், பரிவட்டம் நழுவிக் கண்ணை மறைத்துவிட, சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டுக்கொள்கிறார். அந்தச் சிரிப்போடு திருவிழா தொடங்குகிறது. அப்புறம் குதிரைகள், தோள்கள், கால்கள், தூசி. எல்லாம் போய்ச் சேர்ந்து, தூசி மெல்ல அடங்க, கடைசியில் கீழக்கரை அம்பலம் மட்டும் பரிவட்டத்தோடு நிற்கிறார், பின்னால் ஒரு குதிரையின் முகம். அதோடு முடிகிறது. வீட்டுச் சுவரில் ஓட்டிப் பார்த்தோமே. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வரிசை மாறியிருக்கிறது என்று எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் அந்த ஊர்களிலேயே சுற்றியவர்கள் நாங்கள், எங்களுக்கே தோன்றவில்லை.

கொட்டகையில் தோன்றியது. மேலக்கரை அம்பலத்தின் முகம் வந்ததுமே ஒரு விசில். ஒருவன் எழுந்து, "பாத்துக்கங்கடா! மொதப் பரிவட்டம் யாருக்கு? படம் பொய் சொல்லாதுடா!" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். கீழக்கரைப் பக்கம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் ஆளுக்காகக் காத்திருந்தார்கள். குதிரை வந்தது, தூசி வந்தது, அவர் வரவில்லை. கடைசியில் அவர் வந்தபோது ஒருவன், "எங்க பெரியவரு கடேசில வாராரு, எச்சி எலை எடுக்கவாடா?" என்று கத்தினான். அப்புறம் மணல் பறந்தது. பெஞ்சு கவிழ்ந்தது. திரைத்துணிக்குப் பின்னால் என் முகத்திலும் மணல் வந்து விழுந்தது. கொட்டகைக்காரர் விளக்கைப் போட்டுவிட்டு, "அய்யா, பொம்பளைங்க இருக்காங்க, கையெடுத்துக் கும்புடுறேன்யா" என்று நடுவில் ஓடினார். "எவன்டா இதை ஒட்டுனது?" என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. ப்ரொஜக்டர் பக்கத்திலிருந்து நீ வாயைத் திறந்தாய். அப்பா உன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நான்தான்" என்றார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கொட்டகைக்காரர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "கொஞ்ச நாளைக்கு ஒங்க படம் வேணாம்மா" என்றார். மற்றக் கொட்டகைகளுக்கும் செய்தி போயிற்று. கீழக்கரைக்காரர்கள் அந்தக் கேமரா இனி ஊருக்குள் வரக் கூடாது என்றார்கள். மேலக்கரை இளவட்டங்களோ விளையாட்டாகச் சொன்னதை வினையாகவே பேச ஆரம்பித்தார்கள்: வருகிற வருஷம் முதல் பரிவட்டம் எங்களுக்கு, படமே சாட்சி. ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளியை இறக்கினார்களாம். நீ மூலையில் உட்கார்ந்து, "நம்ம படத்தால ஒரு ஊரு ரெண்டாகப் போகுதும்மா" என்றாய். "நடந்ததை நடந்தபடி நீ வச்சே. நான் அழகுக்கு ஆசைப்பட்டேன்" என்றாய். அதற்குத்தான் நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். திருச்சியில் மாமா இரும்புக் கடைக்கு ஆள் தேடுகிறார் என்று நீயே போஸ்ட் கார்டு போட்டுவிட்டாய்.

நீ போன பிறகு நான் அந்த மேஜையில் உட்கார்ந்தேன். நீ ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் பிரித்தேன். பிரிக்கும்போதுதான் நீ என்ன செய்திருக்கிறாய் என்று தெரிந்தது. குதிரையைத் தோளில் ஏற்றுகிற துண்டை, அவர்கள் நிமிர்ந்து நிற்பதற்கு ஒரு கணம் முன்னாலேயே வெட்டியிருந்தாய். அதனால் அடுத்து வருகிற முகத்தில் அந்தப் பாரம் ஏறிவிடுகிறது. இதை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. நிழலைப் பார்த்தும், அப்பாவிடம் கேட்டுக் கேட்டும், நீ ஒதுக்கிவைத்த துண்டுகளையும் சேர்த்து எல்லாவற்றையும் நடந்த வரிசைக்கு மாற்றினேன். உன் வேலையை அழிக்கிறோம் என்று தெரிந்துதான் செய்தேன். வேறு பிரதி இல்லை. அந்த ஊர் பிரிந்துவிடக் கூடாது. அப்புறம் அப்பா மேலக்கரை அம்பலத்தைப் போய்ப் பார்த்தார். அவர், "கொண்டாங்க, மந்தையில போட்டுருவோம். எல்லாப் பயலும் பாக்கட்டும். எனக்கே இவனுக தொல்லை தாங்க முடியல" என்றார்.

புரட்டாசியில் போனோம். மந்தையில் இருந்த பள்ளிக்கூடத்தின் வெள்ளைச் சுவர்தான் திரை. சுவருக்குப் பின்னால் நின்று எப்படிப் பேசுவது? முதல் தடவையாகச் சனங்களுக்கு முன்னால் நின்றேன். ஒரு அம்மா பக்கத்தில் வந்து என் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "அடி ஆத்தே, இம்புட்டுச் சின்னவளா நீயி? கொரலைக் கேட்டுக் கெழவின்னுல்ல நெனச்சேன்!" என்றாள். கீழக்கரை அம்பலம் முன்னால் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பேசாத மனிதர். படம் ஓடியது. முதல் பரிவட்டம் கீழக்கரைக்கு, இரண்டாவது மேலக்கரைக்கு. "ஆமா, இதான் சரி" என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டார்கள். காரியம் முடிந்தது. ஆனால் படம் முடியவில்லை. குதிரைக்குக் காத்திருந்தது, கயிறு தேடியது, வெற்றிலை போட்டது எல்லாம் நடந்தபடியே வந்துகொண்டிருந்தது. சனங்கள் கொட்டாவி விட்டார்கள். யாரோ மாட்டு விலை பேச ஆரம்பித்தார்கள்.

விளக்குப் போட்டதும் கீழக்கரை அம்பலம் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அன்னிக்குக் கொட்டகையில போட்டது இது இல்லையே?"

"இல்லீங்க. அதைப் பிரிச்சு மாத்திட்டேன்."

"நான் அன்னிக்கு வரல. கடேசில வாரேன்னு வந்து சொன்னானுக. கடேசிலன்னா எப்படி வாரேன்?"

"குதிரையெல்லாம் போய்ச் சேர்ந்து, தூசி அடங்கினப்புறம் நீங்க மட்டும் நிக்கிறீங்க. பரிவட்டத்தோட. பின்னால குதிரை முகம் தெரியும்."

"எனக்கப்புறம்?"

"ஒங்களுக்கப்புறம் ஒண்ணுமில்லீங்க. அதோட படம் முடிஞ்சுரும்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். மேலக்கரை அம்பலம் தொடையில் தட்டிச் சிரித்தார். இருவரும் சம்பந்த முறை. "அட மச்சான்! கூத்துல ராசா எப்ப வருவாரு? மொதல்ல வர்றவன் கட்டியங்காரன். ஒட்டுன ஆளு என்னையக் கோமாளியாக்கிப்புட்டு ஒன்னைய ராசாவாக்கியிருக்கான். நீ இந்தப் பயலுகளை விட்டு மண்ணள்ளி வீசச் சொல்லியிருக்கே!"

"நான் எங்க சொன்னேன்? இவனுகளா வீசிட்டு வந்தானுக" என்றவர் என் பக்கம் திரும்பி, "அதைப் போடு, பாப்போம்" என்றார்.

"முடியாதுங்க. இருக்கிறது இந்த ஒரு பிலிம்தான். வெட்டி மாத்தியாச்சு."

"திரும்ப ஒட்டு."

"எனக்கு வராதுங்க."

"ஒங்க வீட்டுக்காரருதானே ஒட்டுனதாச் சொன்னாரு? அவரை ஒட்டச் சொல்லு."

அப்பா என்னைப் பார்த்தார். "அவருக்கும் வராதுங்க. ஒட்டினது எங்க மகன். திருச்சியில இரும்புக் கடையில இருக்கான்" என்றேன்.

கீழக்கரை அம்பலம் படம் ஓடிய சுவரைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஒண்ணு பண்ணு, தாயி. படத்துக்கு முன்னாடி வாயால வரிசையைச் சொல்லிரு, மொதப் பரிவட்டம் இன்னாருக்கு, ரெண்டாவது இன்னாருக்குன்னு. கேட்டுக்கட்டும். அப்புறம் அந்தப் பய அவன் இஷ்டத்துக்குக் காட்டட்டும்" என்றார். மேலக்கரை அம்பலம், "எனக்குப் பரிவட்டம் நழுவுறதை மட்டும் எடுத்துரச் சொல்லு" என்றார். "அது இருக்கட்டும்" என்றார் கீழக்கரை அம்பலம். அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

இதுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து நான் திரும்ப உன் மாதிரி ஒட்டிப் பார்த்தேன். அதே துண்டுகள், அதே வரிசை. வரவில்லை. எங்கேயோ ஒரு இமைப்பொழுது கூடுகிறது, எங்கேயோ குறைகிறது. அழகுக்கு ஆசைப்பட்டேன் என்று நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய். நான் எண்ணிப் பார்க்கிறேன். நடந்ததை நடந்தபடி வைத்த என் படத்தில் கொட்டாவி வந்தது, யாரும் கீழக்கரை அம்பலத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை. உன் படத்தில் அந்த முகத்தைப் பார்க்காமல் யாரும் இருந்திருக்க முடியாது. அந்த மனிதர் அன்றைக்கு உண்மையிலேயே அப்படித்தான் நின்றார். அதை நீ கண்டாய், நான் காணவில்லை. யாரையும் எதையும் செய்யச் சொல்லாமல் எடுப்பது அப்பாவின் நேர்மை. எடுத்ததை எந்த இடத்தில் வைத்தால் அவர்கள் அவர்களாகத் தெரிவார்கள் என்று தேடுவது உன் நேர்மை. அதில் ஆபத்து உண்டு. கோயிலில் முதலில் நிற்பவர் பெரியவர், படத்தில் கடைசியில் நிற்பவர் பெரியவர். கோயில், படம் என்கிற இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் நீ வண்டி ஓட்ட வேண்டும். ஒட்டுமுன் அந்தந்த ஊரில் யாரிடமாவது போய் உட்கார்ந்து கேள். நாங்களும் இனி கேட்போம்.

டெல்லியில் வீட்டுக்குள்ளேயே படம் தெரிகிற பெட்டி வந்திருப்பதாகப் பத்திரிகையில் படித்தேன். பள்ளிக்கூடப் பாடமும் விவசாயமும் காட்டுகிறார்களாம். அது இங்கே எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் கொட்டகை இருக்குமா என்று அப்பா கவலைப்படுகிறார். எனக்குக் கவலை இல்லை. எந்தப் பெட்டி வந்தாலும் அதற்குள் தன் முதுகைப் பார்க்க ஒருத்தி வருவாள். அதை எடுக்க ஒருத்தர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும், எடுத்ததை ஒட்ட ஒருத்தர் வேண்டும். அதற்கெல்லாம் சொந்தமாக நாலு பேர் சேர்ந்து நடத்துகிற கம்பெனிகள் இந்த நாட்டில் வரும். அதில் ஒன்று நம்முடையதாக இருந்தால் நல்லது. இல்லாமல் உன்னுடையதாக மட்டும் இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

வா என்று நான் எழுதவில்லை. இரும்பு விற்பதும் நல்ல தொழில்தான். மாமா கௌரவமாகத்தான் இருக்கிறார். நீ வரமாட்டேன் என்றால், வெட்கப்பட்டு வராமல் இருக்காதே, வேண்டாமென்று தோன்றி வராமல் இரு. அவ்வளவுதான் நான் கேட்பது. அந்தத் துண்டுகளைப் பிரித்துத் திரும்பக் கொடியிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். தூசி படாமல் ஒரு வேட்டியைப் போர்த்தியிருக்கிறேன். சாப்பிடு. வெயிலில் அலையாதே.

இது வரைக்கும் அந்தப் புரட்டாசியில் எழுதித் தபாலில் போட்டது; நீ திரும்பக் கொண்டுவந்த அதே தாளின் அடியில் மிச்சத்தை எழுதுகிறேன். நீ பதில் போடவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாய். அன்றும் மறுநாளும் மேஜையை விட்டு எழவில்லை. படத்தை ஒட்டி முடித்துவிட்டுத் திரும்பத் திருச்சிக்கே போனாய். இரண்டு அம்பலங்களும் சொன்னதால் கொட்டகைக்காரரும் ஒப்புக்கொண்டார்; அதைக் கொட்டகையில் போட்டோம், வரிசையை நான் வாயால் சொன்னேன். இரண்டு கரையும் வந்திருந்தது, சண்டை வரவில்லை. தை பிறந்ததும் நீ கடையை விட்டுவிட்டு வந்துவிட்டாய். இப்போது கம்பெனியில் வெட்டுவதும் ஒட்டுவதும் நீதான். உன் மாமா இன்னும் என்னோடு பேசவில்லை.